ஏட்டில் ஏறாத நாணயம்: அமெரிக்கத் தமிழரும் வீட்டுக் கடனும்

2025 மார்ச் 26 அன்று அமெரிக்க வீட்டுவசதித் துறை கடன் நிறுவனங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எஃப்.எச்.ஏ. எனப்படும் கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகத்தின் காப்பீட்டோடு வரும் வீட்டுக் கடன், மே 25 முதல் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்குக் கிடையாது என்றது அது. நியூ ஜெர்சியின் எடிசனிலும் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலும் டெக்சாஸின் ஃபிரிஸ்கோவிலும் எச்-1பி விசாவில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக உழைத்து, வரி கட்டி, கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரிய அடி. கிரெடிட் ஸ்கோர் 580 இருந்தால் 3.5 சதவீத முன்பணத்துக்கும், 500க்கும் 579க்கும் இடையில் இருந்தால் 10 சதவீத முன்பணத்துக்கும் கடன் பெற இடம் தந்தது எஃப்.எச்.ஏ.தான். ஸ்கோர் அடிபட்டவர் நுழையக்கூடிய வாசல் அது. இப்போது விசாவில் இருப்பவருக்கு மிஞ்சியிருப்பது ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற இரு நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும் வழக்கமான கடன், அவற்றின் தொகை வரம்புக்கு மேலே போனால் ஜம்போ கடன். சட்டப்படி நாட்டில் தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கும் குடிமக்களுக்குரிய விதிகளின்படியே ஃபேனி மே கடன் ஏற்கிறது என்பது ஆறுதல். ஆனால் அங்கே ஸ்கோர் குறைந்தால் விலை ஏறும். கலிபோர்னியா 1913இல் கொண்டுவந்த அந்நியர் நிலச் சட்டம் ஆசியர் நிலம் வாங்குவதையே தடுத்தது. அந்தக் காலம் போய்விட்டது. இன்று விசாவும் ஓர் எண்ணும் சேர்ந்து அளக்கின்றன. விசாவை நாம் மாற்ற முடியாது. எண்ணை மாற்ற முடியும்.

ஸ்கோர் குறைந்தவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அவர் வரவறியாமல் செலவு செய்தவர் என்ற முடிவும் கூடவே எழுந்துவிடுகிறது. சிக்கனமாக இரு, கார்டை வெட்டிப் போடு, பொறுத்திரு என்ற அறிவுரைகள் அந்த முடிவிலிருந்து பிறப்பவை. புலம்பெயர்ந்த தமிழரைப் பொறுத்தவரை இந்தக் கணிப்பே பெரும்பாலும் பிழை என்பது என் வாதம். நம்மவர்களின் ஸ்கோர் தாழ்வதற்கான காரணத்தை அவர்களுடைய நடத்தையில் தேடுவதைவிட, கடன் வரலாறு பதிவாகும் ஏட்டில் தேடுவது பயன் தரும். மாதந்தோறும் தவறாமல் கட்டிய வாடகை பெரும்பாலும் அதில் பதிவாவதில்லை. ஊரைவிட்டுப் போகும் அவசரத்தில் விடுபட்ட ஒரு பில் ஏழு ஆண்டு பதிவில் நிற்கிறது. கணவர் பேரில் பத்துக் கணக்கு இருக்கிறது. மனைவி பேரில் ஒன்றுகூட இல்லை. சென்னையில் பதினைந்து ஆண்டு ஒழுங்காக அடைத்த கடன்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டுவதில்லை. காரணம் ஏட்டில் இருக்கும்போது மருந்தும் அங்கேதான் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு நாள் பிடிக்கும். வீடு பார்க்கப் போகும் மாதத்திலிருந்து பின்னோக்கி இரண்டு ஆண்டு எண்ணி, அங்கே தொடங்க வேண்டும்.

முதலில், அளக்கப்படுவது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணிதவியலாளரும் 1956இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு ஃபைகோ ஆனது. எல்லாக் கடன்களுக்கும் பொதுவான ஸ்கோரை அது 1989இல் வெளியிட்டது. 1995இல் ஃபேனி மேயும் ஃப்ரெடி மேக்கும் அதைப் பயன்படுத்தச் சொன்ன பிறகு அமெரிக்க வீட்டுக் கடன் துறை முழுவதும் அதன் கீழ் வந்தது. 300 முதல் 850 வரை ஓடும் அந்த எண்ணில் தவணை தவறாமைக்கு 35 சதவீதம், எவ்வளவு கடன் நிற்கிறது என்பதற்கு 30 சதவீதம், கணக்குகளின் வயதுக்கு 15 சதவீதம், மீதி புதிய கடன்களுக்கும் கடன் வகைகளுக்கும் போகிறது. சம்பளம் இதில் இல்லை, சேமிப்பு இல்லை, படிப்பு இல்லை. சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலர் ஈட்டும் ஒருவரின் ஸ்கோர், நெவார்க்கில் பஸ் ஓட்டுபவரின் ஸ்கோருக்குக் கீழே இருப்பதில் முரண்பாடு ஏதுமில்லை. இன்னொன்றும் உண்டு. கைபேசிச் செயலியில் இலவசமாகக் காணும் ஸ்கோரும் கடன் அதிகாரி பார்க்கும் ஸ்கோரும் ஒன்றல்ல. செயலிகள் பலவும் வான்டேஜ்ஸ்கோர் என்ற வேறொரு ஸ்கோரைக் காட்டுகின்றன. வீட்டுக் கடனுக்கு இன்றும் பெரும்பாலும் பார்க்கப்படுவது ஃபைகோவின் மிகப் பழைய பதிப்புகள். ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் ஏட்டு நிறுவனங்களிடமிருந்தும் ஒவ்வொரு ஸ்கோர் வாங்கி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பித்தால், இருவரின் நடு எண்களில் தாழ்ந்ததைக் கொண்டே விலை வைப்பார்கள். செயலியில் 720 பார்த்து நம்பிப் போனவர் அலுவலகத்தில் 668 என்று கேட்டுத் திகைப்பது இதனால்தான்.

அந்தத் திகைப்புக்கு விலை உண்டு. 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஃபேனி மே கட்டண அட்டவணைப்படி, வீட்டு விலையில் 80 சதவீதம் கடன் எடுப்பவரின் ஸ்கோர் 780க்கு மேல் இருந்தால் கடன் தொகையில் 0.375 சதவீதம் கூடுதல் கட்டணம். 640க்கும் 659க்கும் இடையில் இருந்தால் 2.25 சதவீதம். ஐந்து லட்சம் டாலர் கடனுக்கு முன்னவர் தருவது 1,875 டாலர், பின்னவர் தருவது 11,250 டாலர். முதல் வீடு வாங்கும் நடுத்தர வருமானக்காரர்களுக்கு இந்தக் கட்டணம் தள்ளுபடி. கணவன் மனைவி இருவரும் மென்பொருள் வேலையில் இருக்கும் குடும்பம் அந்த வரம்புக்குள் வருவது அரிது. கட்டணத்தைக் கடன் நிறுவனங்கள் பெரும்பாலும் வட்டியாக மாற்றி வாங்குகின்றன. அதே ஐந்து லட்சத்துக்கு முப்பது ஆண்டில் 6.5 சதவீத வட்டியென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 3,160 டாலர். 7 சதவீதமென்றால் 3,326. மாதம் 166 டாலர் வேறுபாடு முப்பது ஆண்டில் அறுபதாயிரத்தை ஒட்டி வருகிறது. 20 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் வைப்பவர் கட்டும் தனியார் அடமானக் காப்பீடும் ஸ்கோரைப் பார்த்தே விலை சொல்கிறது. சுமை இதோடு நிற்பதில்லை. வருமானத்தில் எத்தனை சதவீதம் கடனுக்குப் போகிறது என்று பார்க்கும்போது வீட்டு வரியும் கணக்கில் சேர்கிறது. நியூ ஜெர்சியில் சராசரி வீட்டு வரி 2024இல் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. டெக்சாஸின் புதிய குடியிருப்புகள் பலவற்றில் அது வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தைத் தொடும். மாநில வருமான வரி இல்லாததன் மறுபக்கம் அது. கலிபோர்னியாவில் 1978இன் 13ஆம் முன்மொழிவு அடிப்படை வரியை 1 சதவீதத்தில் நிறுத்தியது, ஆனால் வீட்டு விலையே மலைபோல் நிற்கிறது. ஆகத் தாழ்ந்த ஸ்கோர் வட்டியை ஏற்றுகிறது, ஏறிய வட்டி தவணையை ஏற்றுகிறது, தவணையும் வரியும் சேர்ந்து வருமான வரம்பை மீறியதும் விண்ணப்பம் திரும்பி வருகிறது. 2025 நவம்பரில் ஃபேனி மே, தன் தானியங்கி அமைப்புக்கு வரும் விண்ணப்பங்களுக்கு நெடுநாளாக இருந்த 620 என்ற கீழ்வரம்பை எடுத்துவிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் கட்டண அட்டவணை அப்படியே இருக்கிறது.

ஏடு எப்படி ஓட்டையாகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வோர் ஓட்டைக்கும் அடைப்பு வேறு. டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கோ சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்துக்கோ முதுகலை படிக்க வரும் மாணவர்கள் நால்வர் ஒரு வீட்டில் தங்குகிறார்கள். ஒப்பந்தம் ஒருவர் பேரில். மற்ற மூவரும் மாதாமாதம் அவருக்கு ஸெல் செயலியில் பணம் அனுப்புகிறார்கள். மூவரும் வாடகை கட்டியதற்கு வீட்டுக்காரரிடம் ஆதாரம் இல்லை. நடுவில் ஒருவர் விலகினால், பாக்கி முழுவதும் ஒப்பந்தக்காரர் தலையில் ஏறுகிறது. பிறகு வேலை. எச்-1பி வேலை போனால் மாற்று வேலை தேட 60 நாள் மட்டுமே தருகிறது 2017 முதல் உள்ள விதி. 2022 நவம்பரில் மெட்டா பதினோராயிரம் பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் பன்னிரண்டாயிரம் பேரையும் நீக்கியபோது, அந்த 60 நாளில் குத்தகையை உடைத்து, காரை ஒப்படைத்து, குழந்தையைப் பள்ளியிலிருந்து எடுத்து ஊர் திரும்ப வேண்டிய நிலை பலருக்கு வந்தது. குத்தகை உடைப்பின் அபராதமும் இணைய இணைப்பின் கடைசி பில்லும் பழைய முகவரிக்குப் போகின்றன. ஆறு மாதம் கழித்து வேறு வேலையில் திரும்பி வருபவர், வசூல் நிறுவனத்தின் பெயர் தன் ஏட்டில் ஏறியிருப்பதை வீட்டுக் கடன் கேட்கும் நாளில்தான் அறிகிறார். நண்பரின் கார் கடனுக்குப் போட்ட கையெழுத்தும் இப்படித்தான். கட்டாமல் விட்டது நண்பர். ஏடு இருவருக்கும் பொது. எச்-4 விசாவில் வரும் மனைவியின் நிலை தனி. வேலை அனுமதி கிடைக்கும்வரை அவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கிடையாது. பத்தாண்டு குடும்பம் நடத்திய பிறகும் ஃபைகோவின் கண்ணில் அவர் இல்லாதவர். அந்த ஸ்கோர் தோன்றவே குறைந்தது ஆறு மாத வயதுள்ள ஒரு கணக்காவது வேண்டும்.

நம் பெயர்களால் வரும் சிக்கலை யாரும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தை பெயரே முன்னெழுத்து. பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தால் விசாவில் முதல் பெயர் தெரியாதவர் என்று பொருள்படும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து முதல் பெயராகிவிடுகிறது. வங்கி ஒன்றில் தந்தை பெயர் முன்னும், இன்னொன்றில் பின்னும் வருகிறது. கடன் ஏட்டு நிறுவனங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றை ஒப்பிட்டுக் கணக்குகளைச் சேர்க்கின்றன. ஒப்பீடு பிசகினால் ஒரே ஆளின் கணக்குகள் இரண்டு ஏடுகளாகப் பிரியும், அல்லது இரண்டு குமார்களின் கடன்கள் ஒரே ஏட்டில் சேரும். ஒப்பீட்டில் எவ்வளவு அலட்சியம் இருக்க முடியும் என்பதற்குச் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலேயே சான்று உண்டு. 2011இல் டப்ளின் நகரில் கார் வாங்கப் போன செர்ஜியோ ராமிரெஸ் என்பவரின் அறிக்கையில், அவர் அரசின் பயங்கரவாதத் தடைப் பட்டியலில் இருக்கக்கூடும் என்ற குறிப்பை டிரான்ஸ்யூனியன் சேர்த்திருந்தது. முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டுமே ஒப்பிட்டதன் விளைவு அது. அவரைப் போன்ற 8,185 பேர் சார்பில் நடந்த வழக்கில், அறிக்கை வெளியாருக்கு அனுப்பப்பட்ட 1,853 பேருக்கு மட்டுமே வழக்காடும் தகுதி உண்டு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏட்டில் பிழை கிடந்தாலும் அது யாருக்கும் போகாதவரை சேதமில்லை என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டரசு வர்த்தக ஆணையம் 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்தில் ஒருவரின் ஏடு ஒன்றிலாவது பிழை இருந்ததாகக் காட்டியது. ஆகவே மீட்பு வேலையின் முதல் படி மூன்று ஏடுகளையும் வாங்கி வரிவரியாகப் படிப்பது. ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் என்ற அதிகாரபூர்வத் தளத்தில் வாரத்துக்கு ஒருமுறை இலவசமாக வாங்கலாம். பிழையைச் சுட்டி எழுதினால், 1970இன் நியாயமான கடன் அறிக்கைச் சட்டப்படி, பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துத் திருத்தவோ நீக்கவோ வேண்டும்.

மருத்துவக் கடனில் நம்மவர் திரண்டு வாழும் நியூ ஜெர்சி, கலிபோர்னியா, டெக்சாஸ் ஆகிய மாநிலங்கள் ஒரே விதமாக நிற்பதில்லை. கட்டி முடித்த மருத்துவ பில்களை 2022 முதலும், 500 டாலருக்குக் குறைந்தவற்றை 2023 முதலும் மூன்று நிறுவனங்களும் தாமாகவே ஏட்டிலிருந்து நீக்கின. மீதியையும் நீக்கச் சொல்லி நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2025 ஜனவரியில் விதி போட்டது. ஜூலையில் டெக்சாஸில் உள்ள கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நியூ ஜெர்சி 2024இல் இயற்றிய சட்டமும் கலிபோர்னியாவில் 2025 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டமும் பெரும்பாலான மருத்துவக் கடன்களை ஏட்டில் ஏற்ற விடுவதில்லை. டெக்சாஸில் அவ்வளவு அகலமான தடை கிடையாது. ஒரே அறுவை சிகிச்சையின் பாக்கி, டெக்சாஸின் கேட்டியில் இருப்பவரின் வீட்டுக் கனவைத் தள்ளிப்போடும். நியூ ஜெர்சியின் ஐசலினில் இருப்பவரைத் தொடாது. மாநிலச் சட்டங்கள் செல்லுமா என்ற கேள்வியும் இப்போது வாஷிங்டனில் எழுப்பப்பட்டிருக்கிறது என்பதால், பில் வந்த உடனே மருத்துவமனையின் உதவித் திட்டத்தைக் கேட்டு விண்ணப்பிப்பதே எந்த மாநிலத்திலும் பாதுகாப்பு.

பிழைகள் நீங்கிய பிறகு மிஞ்சும் உண்மையான குறைகளுக்கு வருவோம். கார்டுகளில் நிற்கும் பாக்கியைக் குறைப்பதுதான் விரைந்து பலன் தருவது. வீட்டுக் கடனுக்குப் பார்க்கப்படும் பழைய ஃபைகோ பதிப்புகளுக்கு நினைவாற்றல் இல்லை. அந்த மாத அறிக்கையில் பாக்கி எவ்வளவு என்று மட்டுமே பார்க்கின்றன. பத்தாயிரம் டாலர் வரம்புள்ள கார்டில் எட்டாயிரம் நின்றால் ஸ்கோர் அமுங்கும். அதை ஆயிரத்துக்குக் கீழே கொண்டுவந்தால் அடுத்த அறிக்கையிலேயே எழும். இருக்கும் சேமிப்பை முன்பணத்தில் சேர்ப்பதா, கார்டை அடைப்பதா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் கார்டுதான். அடைத்த கார்டை மூடக் கூடாது. மூடினால் வரம்பு சுருங்கும். மெதுவாகப் பலன் தருபவை வேறு. ஏடே இல்லாதவருக்கு, முன்வைப்புத் தொகை கட்டி எடுக்கும் செக்யூர்டு கார்டு. மனைவியைக் கணவரின் பழைய, சுத்தமான கார்டில் அனுமதிபெற்ற பயனராகச் சேர்ப்பது. வேலை அனுமதி வந்ததும் அவர் பேரிலேயே ஒரு கணக்கு. தவணை தவறியதன் தழும்பு ஏழு ஆண்டு இருந்தாலும் அதன் வலி ஆண்டுக்கு ஆண்டு குறையும். வசூலுக்குப் போன பழைய கடன்தான் பலரும் தடுக்கி விழும் இடம். அதை அடைத்துவிட்டால் ஸ்கோர் ஏறும் என்று நினைப்பது இயல்பு. ஃபைகோ 9 போன்ற புதிய பதிப்புகள் அடைத்த வசூல் கணக்குகளைப் பொருட்படுத்துவதில்லை; வீட்டுக் கடனுக்கான பழைய பதிப்புகள் அடைத்ததையும் குறையாகவே எண்ணுகின்றன. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன், பதிவையே நீக்கித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது. அவர்கள் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை. கேட்பதில் நட்டமும் இல்லை. ஏழாண்டுக் கணக்கு முதல் தவணை தவறிய நாளிலிருந்து ஓடுகிறது. கடன் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறினாலும் புதிதாகத் தொடங்காது.

இதையெல்லாம் காசு வாங்கிக்கொண்டு செய்து தருவதாகச் சொல்பவர்கள் ஏராளம். பிழையைத் திருத்தும் உரிமை சட்டம் தந்தது, செலவில்லாதது. பிழையில்லாத பதிவை அகற்றும்படி சட்டத்தைக் காட்டி யாராலும் கட்டாயப்படுத்த முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவர்கள் விற்பதற்கு எதுவும் இல்லை. 1996இன் கடன் சீரமைப்பு நிறுவனங்கள் சட்டம் வேலை முடியும் முன் பணம் வாங்குவதைத் தடைசெய்கிறது. மூன்று நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையையும் தருகிறது. தொலைபேசி வழி விற்பவர்களுக்கு விதி இன்னும் கடுமை. அதை மீறியதற்காக லெக்சிங்டன் லா, கிரெடிட்ரிப்பேர்.காம் ஆகியவற்றை நடத்திய குழுமத்தின் மீது 2023இல் 270 கோடி டாலர் தீர்ப்பு வந்தது. துணை வேண்டுமென்றால், வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசனை மையங்கள் இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ உதவுகின்றன. நம்மவர்கள் அந்த மையங்களுக்குப் போகக் கூச்சப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. கடன் ஏட்டைக் காட்டுவதை மானப் பிரச்சினையாக எண்ணுகிறோம். மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டுவதைவிட இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்கோரின் பக்கம் நின்று பேசுபவர்களின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. அந்த எண் வருவதற்கு முன் கடன் கொடுப்பதும் மறுப்பதும் மேலாளரின் முகராசிக் கணக்காக இருந்தது. 1930களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனமே கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி வரைபடம் போட்டது. ஈக்விஃபேக்ஸின் முன்னோடியான ரீட்டெயில் கிரெடிட் கம்பெனி, மக்களின் அந்தரங்க வாழ்க்கை பற்றிய வம்புகளைக்கூடத் திரட்டி விற்றதால் எழுந்த எதிர்ப்பும் 1970 சட்டத்துக்கு ஒரு காரணம். தோல் நிறமும் பெயரும் உச்சரிப்பும் தெரியாத ஓர் எண், நம்மைப் போன்ற வந்தேறிகளுக்கு நன்மையே என்பது உண்மை; கடன் திரும்பி வருமா என்பதை அது ஓரளவு சரியாகவே முன்னறிகிறது என்பதும் உண்மை. ஆனால் முன்னறிவது ஏட்டில் உள்ளதை வைத்து மட்டுமே. மாதம் மூவாயிரம் டாலர் வாடகையை ஆறு ஆண்டு தவறாமல் கட்டியவர் மூவாயிரம் டாலர் தவணையைக் கட்டுவாரா என்ற கேள்விக்கு, ஒரு கடை அட்டையின் வயதைவிட அந்த வாடகையே நல்ல சாட்சி. தகுதி பார்க்காமல் கடன் கொடுத்துத்தானே 2008இல் விழுந்தோம் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த ஆண்டுகளில் ஸ்கோர் எல்லா இடத்திலும் புழங்கியது. புழங்காமல் போனது வருமானச் சான்று. வருமானம் கேட்காத கடன்களும், முதலில் குறைத்துக் காட்டிப் பிறகு ஏறும் வட்டியும், வீட்டை அடகு வைத்து மேலும் மேலும் பணம் எடுத்ததும் சேர்ந்தே வீழ்த்தின. வாங்கிய வீட்டை அடகு வைத்துப் பணமாக எடுக்கும் கடனை வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் போகவிடாமல் தன் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்த டெக்சாஸ், கலிபோர்னியா அளவுக்கு அடிபடவில்லை. வாடகையைப் பதிவில் ஏற்றுவது தகுதியைத் தளர்த்துவதாகாது. தகுதியை முழுதாகப் படிப்பதாகும். ஃபேனி மே 2021 செப்டம்பர் முதல், விண்ணப்பிப்பவர் இசைந்தால், வங்கிக் கணக்கில் தெரியும் வாடகையைப் பார்க்கிறது. கலிபோர்னியாவில் 2025 ஏப்ரல் முதல், பெரிய குடியிருப்புகளின் உரிமையாளர்கள் வாடகையைக் கடன் ஏட்டுக்கு அனுப்பும் வாய்ப்பைக் குடியிருப்போருக்குத் தர வேண்டும். அந்த வாய்ப்பை மறுக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். வாடகையை நம் கணக்கிலிருந்து நேராகக் கட்ட வேண்டும்.

காத்திருப்பதைவிட கிடைக்கும் வட்டியில் இப்போதே வாங்கி, ஸ்கோர் ஏறியதும் மறுகடன் எடுக்கலாமே என்று முகவர்கள் சொல்வார்கள். வீட்டு விலை வேகமாக ஏறும்போது இதில் நியாயம் உண்டு. எல்லோரும் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மறுகடனுக்கும் பதிவு, மதிப்பீடு, உரிமைக் காப்பீடு என்று சில ஆயிரம் டாலர் போகும். சந்தை வட்டி இறங்கினால்தான் அது லாபம், இறங்குமா என்பது நம் கையில் இல்லை. எச்-1பியில் இருப்பவருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: வேலை போனால் 60 நாளில் விற்க வேண்டிவரக்கூடிய வீட்டை, உச்சத் தவணையில் வாங்குவது அறிவா? ஆறு மாத வேலையில் நாற்பது புள்ளி ஏறக்கூடியவர் அந்த ஆறு மாதத்தைச் செலவிடுவதே மேல். திவாலோ ஜப்தியோ நேர்ந்தவருக்கு இந்தத் தேர்வே கிடையாது. திவால் சட்டத்தின் ஏழாம் அத்தியாயப்படி திவாலானதற்கு நான்கு ஆண்டும், வீடு ஜப்தியானதற்கு ஏழு ஆண்டும் வழக்கமான கடன் காக்க வைக்கிறது; எஃப்.எச்.ஏ. முறையே இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஏற்றுக்கொள்ளும். கிரீன் கார்டு உள்ளவருக்கு அந்த வாசல் திறந்தே இருக்கிறது என்பதை மறந்து, எல்லோருக்கும் மூடிவிட்டதாக எண்ணி ஒதுங்கிவிடக் கூடாது.

ஸ்கோர் குறைவை முன்பணத்தால் ஈடுகட்டலாம் என்று ஊரிலிருந்தும் உறவினரிடமிருந்தும் பணம் திரட்டுவது நம் வழக்கம். முன்பணம் கூடினால் கட்டணமும் காப்பீடும் குறையும் என்பது சரி. ஆனால் கணக்கில் திடீரென்று ஏறும் ஒவ்வொரு பெருந்தொகைக்கும் கடன் பரிசீலகர் விளக்கம் கேட்பார். பெற்றோர் தந்தது திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். கைமாற்றாக வாங்கியதை அன்பளிப்பு என்று எழுதுவது பொய். கல்விக் கடன், சொந்த ஊரில் கட்டிய வீட்டின் கடன் என்று இந்தியாவில் நிற்கும் கடன்களையும் விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும். அமெரிக்க ஏட்டில் அவை தெரியாது என்பதால் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். தவணைக்காக மாதாமாதம் ஊருக்குப் போகும் பணம் வங்கி அறிக்கையில் தெரியும். கடன் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் சொல்வது கூட்டரசுக் குற்றம். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் அதை இருமடங்கு அஞ்ச வேண்டும்.

ஆனால் அந்த ஊர்க் கடன் பாதகமாக மட்டுமே எண்ணப்படுவதுதான் அநீதி. இந்தியாவில் 2005 முதல் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி உரிமம் தந்த நான்கு நிறுவனங்களில் சிபில் டிரான்ஸ்யூனியனுக்குச் சொந்தம். இன்னும் இரண்டு ஈக்விஃபேக்ஸும் எக்ஸ்பீரியனும் நடத்துபவை. மயிலாப்பூர் வங்கிக் கிளையில் ஒருவர் பத்தாண்டு அடைத்த வீட்டுக் கடனின் பதிவை வைத்திருக்கும் அதே நிறுவனம், அவர் சன்னிவேலுக்கு வந்ததும் இவரை நாங்கள் அறியோம் என்கிறது. தொழில்நுட்பம் இல்லாமலில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் நோவா கிரெடிட் என்ற நிறுவனம் வழியாக இந்தியக் கடன் ஏட்டைப் பார்த்து, 2019 முதல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு தருகிறது. ஃபேனி மே, ஃப்ரெடி மேக் இரண்டையும் மேற்பார்வையிடும் கூட்டரசு வீட்டு நிதி முகமை, வான்டேஜ்ஸ்கோர் 4.0ஐயும் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் அறிவித்தது. இரண்டு ஆண்டுப் போக்கையும், பதிவான வாடகையையும் பார்க்கும் ஸ்கோர் அது. வாடகையை ஏற்கத் துணிந்தவர்கள் வெளிநாட்டு ஏட்டையும் ஏற்கலாம், விண்ணப்பிப்பவர் இசைவோடு, பாதகத்தை எண்ணுவதுபோல் சாதகத்தையும் எண்ணி. நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் வளைகுடாப் பகுதியிலும் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் தங்கள் சட்டமன்ற, காங்கிரஸ் உறுப்பினர்களைப் பொங்கல் விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகின்றன. அந்த மேடையில் வைக்கத் தகுந்த கோரிக்கைகள் இரண்டு உண்டு: கலிபோர்னியாவின் வாடகைச் சட்டத்தை மற்ற இரு மாநிலங்களும் இயற்ற வேண்டும்; கடல் கடந்த கடன் ஏட்டை ஃபேனி மேயும் ஃப்ரெடி மேக்கும் படிக்க வேண்டும்.